பழைய எண் நாற்பத்தொன்று

நாடுகாணி
22 ஜனவரி 2025

காந்தல் சமஸ்தானத்து மகாராணியார் ஈவ்லின் அவர்களின் சமூகத்துக்கு,

நாடு கடத்தப்பட்ட மன்னன் மரியஅந்தோணி எழுதிக்கொள்வது. நான் நலமாகவும் இருக்கிறேன், நலமில்லாமலும் இருக்கிறேன். இரண்டில் உனக்கு எது ஆறுதலோ அதை எடுத்துக்கொள்.

முப்பத்துநாலு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத வைத்தவள் நீ. "போன் பண்ணாதீங்க. உங்க கொரலக் கேட்டா நான் ஏமாந்துருவேன். எழுதுங்க. எழுதுனத ரெண்டு தடவை படிச்சுப் பாக்கலாம்" என்று வாசலில் நின்று சொன்னாய். நான் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை போவதற்குள் மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். நீ கதவைச் சாத்தவுமில்லை, கூப்பிடவுமில்லை.

கூடலூர் இறக்கத்தில் பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது, டிரைவர் என்னைத்தான் ஊட்டிக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார் என்று தோன்றியது. நான் அசையவில்லை. மாலையில் ரிஜோவின் ஹோம்ஸ்டேயில் பதவி ஏற்றேன். எஸ்டேட் பேக்டரியில் முப்பது வருஷம் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கராக இருந்தவனுக்கு இங்கே மேனேஜர், வரவேற்பாளர், யானைத் துறை மந்திரி என்று மூன்று உத்தியோகம். முதல் நாளே இருநூறு யானைகள் காம்பவுண்டைச் சுற்றி வளைத்தன. நான் தனி ஆளாக ஒரு டார்ச்சுடன் நின்றேன். ரிஜோ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சேட்டா, அது ரெண்டு எருமையாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குக் கண் பார்வை மோசம்.

இனி விஷயம். நான் வரி கட்டினேன், ஈவ்லின். ஐந்து வருஷம், வருஷத்துக்கு இரண்டு தரம், பத்துத் தடவையும் கட்டினேன். கவுண்டரில் இருக்கிற பெண்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். நான் கட்டிய வரியில்தான் ஊட்டி ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அப்படிப்பட்டவன் வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸை ஒட்டி, குடிநீர்க் குழாயையும் வெட்டிவிட்டுப் போனால் அது யாருடைய காலக்கோளாறு?

ரசீது எங்கே என்று கேட்டாய். இரும்புப் பெட்டி நிறைய இருக்கிறது என்றேன். தெருவே வேடிக்கை பார்க்க நீ பெட்டியைத் திறந்தாய். உள்ளே நான் ரிட்டயரான அன்று போட்ட மாலையும் ஒரு ஜோடி பழைய பூட்ஸும் இருந்தன. அப்போது நீ என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்குத்தான் பையைத் தூக்கினேன். வரிக்காக அல்ல.

உன்,
மரியஅந்தோணி



அனுப்புநர்: ம. ஈவ்லின், பழைய எண் 41, புதிய எண் 17, மூன்றாவது சந்து, காந்தல், உதகமண்டலம்.
பெறுநர்: திரு. மரியஅந்தோணி, ரிஜோ ஹோம்ஸ்டே, நாடுகாணி.
பொருள்: சொத்து வரி நிலுவை – விளக்கம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் 22.1.2025 தேதியிட்ட கடிதம்.
நாள்: 29.1.2025

ஐயா,

பார்வையில் கண்ட கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவையும் அதில் விளக்கம் எதுவும் இல்லை.

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவள் நான். எவ்வளவு பெரிய பொய்யும் ஒரு தேதி கேட்டால் உட்கார்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கேட்கிறேன். எந்த மாதம் கட்டினீர்கள்? கவுண்டரில் யார் இருந்தார்கள்? ரசீதுகள் எங்கே போயின? ஏரி, யானை, எழுந்து நிற்கும் பெண்கள் இல்லாமல் பதில் தேவை.

ஒவ்வொரு தடவையும் அந்தப் பணத்தை என் பென்ஷனிலிருந்து எடுத்து உங்கள் சட்டைப் பையில் நான்தான் வைத்தேன். பணம் போனதுகூட இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, "கட்டியாச்சு மகாராணி, கஜானா நெறஞ்சு போச்சு" என்று சொன்னீர்கள். நானும் சிரித்துக்கொண்டே காப்பி போட்டுக் கொடுத்தேன். பத்துக் காப்பி. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பில் கலெக்டர் ரவிச்சந்திரன் மறுபடி வந்தார். மரியாதையான மனிதர்தான். "பத்து நாளுக்குள்ள கட்டிருங்கம்மா. இல்லீன்னா சாமான எடுக்க வேண்டி வரும். மார்ச் முப்பத்தொண்ணு தாண்டுச்சுன்னா ஊட்டு மேலயே நடவடிக்கைங்க" என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீருக்கு, சந்தில் பன்னிரண்டு வீடு கீழே இருக்கிற மூக்கம்மா குழாய் கொடுக்கிறாள். கேரட் கழுவும் வேலைக்குப் போய்ப் போய் விரல் வளைந்துபோன கிழவி, என் குடத்தை என்னைத் தூக்க விடாமல் பாதி தூரம் கொண்டுவந்து வைக்கிறாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

பதிலைத் தேதிவாரியாக அனுப்பவும்.

இப்படிக்கு,
ம. ஈவ்லின்



நாடுகாணி
4 பிப்ரவரி 2025

ஆபீஸ் மகாராணிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படிக்கும் தைரியம் வரவில்லை.

தேதி கேட்கிறாய். தேதி என்னிடம் ஏது? ஒரு தடவை நல்ல மழை. ஒரு தடவை மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் நடக்க இடமில்லாமல் சாரிங் கிராஸிலிருந்து ஆட்களின் தலைமேல் ஏறித்தான் போனேன். கவுண்டரில் மீசைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மீசை அவருக்கு முன்னால் ஆபீசுக்கு வந்துவிடும். போன கடிதத்தில் பெண்கள் என்று எழுதியிருக்கிறேன் என்பாய். பெண்களும் இருந்தார்கள். ஐந்து வருஷத்தில் ஆள் மாறாதா?

நான் எப்படிக் கட்டுவேன் என்று உனக்குத் தெரியாது, நீ ஒரு நாளும் கூட வந்ததில்லை. வரிசையில் முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு நான் எஸ்டேட் கதை சொல்லிக்கொண்டிருப்பேன், சிறுத்தை தேயிலை உலர்த்தும் டிரையருக்குள் புகுந்த கதை. அது முடிகிற நேரத்தில் என் முறை வரும். "மூணாவது சந்து, நாப்பத்தொண்ணு" என்பேன். பணத்தைக் கொடுப்பேன். காகிதத்தை வாங்குவேன். சிறுத்தை என்ன ஆயிற்று என்று பின்னால் இருக்கிறவர் கேட்பார். அவ்வளவுதான்.

அந்தப் பதினேழு என்ற எண்ணை நீ கடிதத்தின் தலையில் எழுதியிருக்கிறாய். என்னைக் குத்துவதற்கென்றே எழுதினாய். ஐந்து வருஷத்துக்கு முன் தெருவுக்கெல்லாம் புது எண் கொடுத்து, நம் நிலைப்படியில் அந்தத் தகரத்தை அடித்துவிட்டுப் போனார்களே, அன்றைக்கே அதைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்கு மூடியாக்கினேன். நாற்பத்தொன்று என்று சொல்லித்தான் என் பிராவிடண்ட் பண்டைக் கொட்டி வாங்கினேன். நாற்பத்தொன்றாம் எண் அரண்மனை. பதினேழில் யார் குடியிருப்பார்கள்? பதினேழு பஸ் டிக்கெட்டுக்குத்தான் லாயக்கு.

இந்த ஊரில் குளிர் இல்லை. உறைபனி இல்லை. காலையில் கையைத் தேய்த்துக்கொண்டு அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை. ஒரே கம்பளி போதும். அதுதான் இந்த ஊரின் குறை. நம் வீட்டில் இரண்டு கம்பளியை ஒன்றாகப் போட்டு, நீ உன் பக்கம் இழுப்பாய், நான் என் பக்கம் இழுப்பேன். இங்கே இழுக்க ஆளில்லாமல் கம்பளி அப்படியே கிடக்கிறது.

உன்,
அந்தோணி



காந்தல்
12.2.2025

பொருள்: ஜப்தி நடைபெற்ற விவரம்.

ஐயா என்று எழுத இன்று தெம்பில்லை.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். ரவிச்சந்திரன், கூட இரண்டு பேர், ஒரு சின்ன வேன். சந்துக்குள் வேன் நுழையாததால் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். ஆகவே சந்து முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

"கட்டில், சமையல் சாமான், துணிமணி இதெல்லாம் தொட மாட்டோமுங்கம்மா. தையல் மெஷின் வெச்சிருந்தீங்கன்னா அதையும் தொட மாட்டோம், தொழில் சாமானுங்க" என்றார் ரவிச்சந்திரன். என்னிடம் தையல் மெஷின் இல்லை. டிவியை எடுத்தார்கள். பிரிட்ஜை எடுத்தார்கள். உள்ளே இருந்த மீன் குழம்பை அவரே பத்திரமாக எடுத்து மேடையில் வைத்துவிட்டு, "கெட்டுப் போயிரும்ங்க, சூடு பண்ணி வெச்சிருங்க" என்றார். கோபப்படக்கூட முடியவில்லை.

அப்புறம் உங்கள் சாய்வு நாற்காலியை ஒருவர் பிடித்தார். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, நான் போய் அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்கம்மா."

"எந்திரிக்க முடியாதுங்க."

அந்த ஆள் ரவிச்சந்திரனைப் பார்த்தார். ரவிச்சந்திரன் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒக்காந்திருக்கறவங்கள எழுப்பி எடுக்கச் சொல்லி ரூல் இல்லீங்க, உட்ருங்க" என்றார்.

அவர்கள் போன பிறகும் இரண்டு மணி நேரம் அதிலேயே இருந்தேன். இந்த வீட்டில் பதினாலு வருஷமாக இருக்கிறேன், அந்த நாற்காலியில் ஒரு நாளும் நான் உட்கார்ந்ததில்லை. அதிலிருந்து பார்த்தால் சமையலறை நேராகத் தெரிகிறது. நான் வேலை செய்யும்போதெல்லாம் நீங்கள் பேப்பர் படிக்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூக்கம்மா வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரிந்தது அவள் கதைதான். "எனக்கும் இப்படி ஒரு வருசம் பயமா இருந்துச்சு கண்ணு. காசு முடிஞ்சு எடுத்துட்டுப் போய் வரி கட்ட நின்னா, கட்டியாச்சுங்கறாங்க. யாருன்னு கேட்டா, யாரோ கட்டிருக்காங்க, போங்கம்மாங்கறாங்க. எனக்கு வேற யாரு இருக்கா? எம் பையன் தினகரன்தான். திருப்பூர்ல இருக்கான். கல்யாண விசயத்துல சண்ட போட்டுட்டுப் போனவன், ஏழு வருசமா ஒரு போன் இல்ல. ஆனா வரி மட்டும் அஞ்சு வருசமா வந்துருது. மொகத்த காட்ட மாட்டான். ஆனா அம்மாவ ரோட்ல நிக்க உட மாட்டான்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

பேசாத மகனே கட்டுகிறான். பேச்சாகவே இருக்கிற நீங்கள் ஏன் கட்டவில்லை?

ஈவ்லின்



நாடுகாணி
18 பிப்ரவரி 2025

ஈவ்லினுக்கு,

கடிதம் வந்த அன்று படையெடுத்து வரத்தான் புறப்பட்டேன். நாடுகாணியிலிருந்து ஒரு லட்சம் காலாட்படை, அதற்கு மேல் எருமைப்படை. கூடலூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். ஊட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினால் உன் முன்னால் வந்து நிற்க வேண்டும், நின்றால் நீ மறுபடி அதே கேள்வியைக் கேட்பாய், என்னிடம் அதே பதில்தான் இருக்கிறது. பஸ் போய்விட்டது. ரிஜோவுக்கு மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சம்பளத்தில் முக்கால்வாசியை இத்துடன் மணியார்டர் செய்திருக்கிறேன். பிரிட்ஜை மீட்டுக்கொள். என்னை மீட்பது பிறகு.

பேப்பர் படித்தேன்தான். ஒரே பக்கத்தை.

ரசீது விஷயம் சொல்கிறேன். பெட்டியில் இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னது பொய். நிஜம் கேவலமாக இருந்ததால் அந்தப் பொய். நம் சமையலறை ஜன்னல் சட்டம் சுருங்கி இடுக்கு விட்டிருக்கிறதல்லவா? குளிர் காற்று நேராக உன் கழுத்தில் அடிக்கும். நீ முந்தானையைச் சுற்றிக்கொண்டு தோசை ஊற்றுவாய். கையில் என்ன காகிதம் கிடைத்தாலும் நாலாக மடித்து அந்த இடுக்கில் செருகிவிடுவேன். ரசீதுகளும் அங்கேதான் போயின. ஜூன் மாத மழையில் ஊறிக் கூழாகும். நீ வருஷா வருஷம் அதைத் துடைப்பத்தால் சுரண்டித் தள்ளிக்கொண்டே, "எலி வேலையப் பாருங்க" என்பாய். நான் எலி என்று ஒத்துக்கொள்ளத் தயங்கிப் பேசாமல் இருந்துவிட்டேன்.

இதில் யானை இல்லை. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இதையும் நீ நம்பாவிட்டால் இங்கேயே இருந்துவிடுகிறேன். ரிஜோ நல்ல பையன். எனக்கு என்று தனி டம்ளர்கூட வைத்திருக்கிறான். ஆனால் காலையில் அந்த டம்ளரை அவன் மேஜையில் வைக்கிற சத்தத்துக்கு எழுந்திருக்கும்போதெல்லாம், அரை நிமிஷம், அது நீதான்.

அந்தோணி



காந்தல்
3.3.2025

ஏனுங்க,

இதை நிதானமாகப் படியுங்கள். நானும் நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

உங்கள் எலிக் கடிதம் வந்ததும் சமையலறைக்குப் போய் ஜன்னலைப் பார்த்தேன். இடுக்கின் அடியில் பழைய கூழ் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் பெயர்த்தேன். எழுத்து ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மூலையில் மட்டும் நீல முத்திரையின் பாதி வட்டம் இருந்தது. பேப்பரிலோ மளிகைச் சீட்டிலோ முத்திரை இருக்காது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ரவிச்சந்திரன் கம்ப்யூட்டரில் நம் பதினேழைத் தட்டினார். பத்து அரையாண்டும் சிவப்பாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க ஊட்டுக்காரர் நாப்பத்தொண்ணுன்னுதாங்க சொல்லுவாரு. பழைய நம்பரு. பதினேழுன்னு சொல்ல மாட்டாரு, கௌரவக் கொறச்சல்" என்றேன். அவர் அதே சந்தில் புது எண் நாற்பத்தொன்றைத் தட்டினார்.

பத்து அரையாண்டும் கட்டியிருக்கிறது. எல்லாம் ரொக்கம். கவுண்டரில் கொடுத்த போன் நம்பரின் கடைசி நாலு எண்ணை வாசித்தார். உங்களுடையது. உங்கள் போனில் படிக்காத மெசேஜ் ஆயிரத்துக்கு மேல் கிடக்குமே, அதில் பத்து, ஐந்து வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கட்டினீர்கள். நான் நம்பவில்லை. மன்னிப்பு என்று எழுதினால் ஆபீஸ் கடிதம்போல இருக்கிறது, வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஒரு மனு எழுதினால் போதும் என்கிறார் ரவிச்சந்திரன். அந்தப் பணம் நம் கணக்குக்கு மாறிவிடும், சாமான் வீட்டுக்கு வரும், ஒரு பைசா கட்ட வேண்டாம். மனுவை அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கொடுப்பதற்கு முன் சந்துக்குப் போய் எல்லோரிடமும் கத்திச் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன். என் புருஷன் கட்டினார், பத்துத் தடவையும் கட்டினார் என்று.

மூக்கம்மா வீட்டு வாசலில் என் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. கதவில் புது எண் நாற்பத்தொன்று. அத்தனை நாள் தண்ணீர் எடுத்தும் அந்தத் தகரத்தை நான் பார்த்ததில்லை.

பால்காரியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை அவன் கட்ட வர்ற அன்னைக்கு ஆபீஸ் வாசல்லயே ஒக்காந்துக்கலாம்னு இருக்கேன். பேச மாட்டேன். தூர நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

குடம் நிரம்பி வழிந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மனு என் கைப்பையில்தான் இருக்கிறது. கொடுத்தால் நம் கதவில் ஒட்டிய நோட்டீஸ் அவள் கதவுக்குப் போகும். அதைக்கூட நாலு பேர் சேர்ந்து சமாளித்துவிடலாம். ஆனால் அஞ்சு வருஷமாக அவள் மகன் அவளை நினைக்கவே இல்லை என்று யார் போய்ச் சொல்வது? கொடுக்காவிட்டால் நீங்கள் கட்டவில்லை என்றே சந்து பேசும். சாகும்வரை பேசும்.

இது உங்கள் மானம். நீங்கள் சொல்லுங்கள். எது சொன்னாலும் செய்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கவுண்டரில் பெயரைச் சொல்லியிருப்பார்களே?

ஈவ்லின்



நாடுகாணி
8 மார்ச் 2025

ஈவ்லின்,

கேட்டார்கள். "மூக்கம்மாங்களா?" என்று ஒரு தடவை அல்ல, பல தடவை கேட்டிருக்கிறார்கள். நான் சிறுத்தைக் கதையின் நடுவில் இருந்தேன். என்னவோ கேட்கிறார்கள் என்று தலையை ஆட்டினேன். ரசீதை ஒரு தடவையும் படித்ததில்லை. அவர்கள்மேல் தவறு இல்லை.

மனுவைக் கிழித்துவிடு.

சந்தில் நான் கட்டவில்லை என்றே இருக்கட்டும். நீயாக ஒன்றும் விளக்க வேண்டாம். கேட்டால் ஆமாம் என்று சொல். ரவிச்சந்திரனிடமும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்.

ரிஜோ மூன்று மாதச் சம்பளம் முன்பணம் கொடுத்தான். எதற்கு என்று கேட்டான். வரி பாக்கி என்றேன். "சேட்டா ஏன் கட்டாம விட்டு?" என்றான். மறதி என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதினால் மிகை என்பாய். பணத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போதாததற்கு என் வாட்சை விற்கலாம், நின்று போனது என்றாலும் பார்வைக்கு நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் பதினொரு தடவை படித்தேன். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். 'நீங்கள் கட்டினீர்கள்' என்ற வரி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஊரில் ஒருத்திக்குத் தெரியும். எனக்கு அந்த ஒருத்தி போதும்.

முன்பணத்துக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும். வாரத்தில் நாலு நாள் இங்கே இருந்தால் போதும் என்கிறான். மீதி மூன்று நாள் நான் வீட்டில் இருக்கலாமா?

அந்தோணி



காந்தல்
19.3.2025

ஏனுங்க,

பாதிக்கு மேல் கட்டியாயிற்று. மீதிக்கு ஜூன் வரை தவணை கிடைத்திருக்கிறது. சாமானை ரவிச்சந்திரனே வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். மனுவை நான் கிழிப்பதைப் பார்த்துவிட்டு, "நான் கம்ப்யூட்டர்ல எதையும் பாக்கலீங்கம்மா" என்றார். போகும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "உங்க ஊட்டுக்காரர ஒரு தடவை பாக்கணுமுங்க. அந்தச் சிறுத்தை என்னாச்சுன்னு கவுண்டர்ல இருக்கறவரு இன்னும் கேட்டுட்டே இருக்காரு" என்றார்.

தினகரனின் விலாசத்தை விசாரித்து, ஒரு கடிதம் போட்டேன். உன் அம்மா உன்னைப் பற்றி ஒன்று நம்பிக்கொண்டிருக்கிறாள், ஏப்ரல் முதல் அதை நீ உண்மையாக்கிவிடு என்று மட்டும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை. வராமலே போனால் இரண்டு வீட்டுக்கும் நாம்தான் கட்ட வேண்டும். இதைப் பற்றி நீங்கள் வந்ததும் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். தவக்காலத்தில் செய்துவிட்டேன், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் பாதர் சிரித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சந்துக்குள் நுழைந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பணத்தையெல்லாம் உன் புருஷன் என்னதான் பண்ணினார் என்று கேட்டார்கள். நீங்கள் சொன்னபடி ஆமாம், கட்டவில்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூக்கம்மாவும் நின்றாள். சும்மா கட்டவில்லை என்றால் அந்தப் பணம் எங்கே போனது என்று ஒருத்தி யோசிப்பாள், யோசித்தால் கண்டுபிடிப்பாள். ஆகவே குதிரை மேல் கட்டினார் என்றேன். அதோடு விட்டேனா? அஞ்சு வருஷமாக ஒரே குதிரை என்றேன். அந்தக் குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றேன். பந்தயத்தில் எல்லாக் குதிரையும் முன்னால் ஓட, அது மட்டும் திரும்பி லாயத்துக்கு ஓடும் என்றேன். கடைசிப் பந்தயத்தில் அது நடுவழியில் படுத்துத் தூங்கிவிட்டது, எழுப்பப் போனவர் நீங்கள்தான் என்றேன். வாய் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்துநாலு வருஷமாகப் பக்கத்தில் இருந்து கேட்டது எங்கே போகும்?

எல்லோரும் நம்பிவிட்டார்கள். நீங்கள் சொன்ன நிஜத்தை நான் நம்பவில்லை, நான் சொன்ன இந்தப் பொய்யை ஒரு சந்தே நம்புகிறது.

மூக்கம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "வரட்டும் அந்தாளு" என்று தினமும் சொல்கிறாள். "எம் பையன் கண்ணுக்குத் தெரியாத தூரத்துல இருந்து பொறுப்பா கட்டறான். ஊட்டுலயே ஒக்காந்துட்டு இவருக்குக் குதிர கேக்குதா? வந்தா மொதல்ல எங்கிட்டத்தான் பதில் சொல்லணும். தினகரனப் பாத்துக் கத்துக்கச் சொல்றேன்." உங்களுக்காக வாசகமெல்லாம் தயார் செய்து வைத்திருக்கிறாள். அரை மணி நேரத்துக்குக் குறையாது.

வெள்ளிக்கிழமை வாங்க. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வர முடியாது, அவள் வாசலில் பிடித்துக்கொள்வாள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, அவள் மகனின் பெருமையை முழுவதும் கேட்டு, ஆமாங்க, இனிமே திருந்திக்கறேனுங்க என்று சொல்ல வேண்டும். சிறுத்தை, யானை ஒன்றும் கூடாது. நடுவில் என்னைப் பார்க்கவும் கூடாது. நான் பன்னிரண்டு வீடு மேலே நம் வாசலில் நின்றுகொண்டு, உங்கள்மேல் கோபமாக இருப்பதுபோல முகத்தை வைத்திருப்பேன். எவ்வளவு நேரம் அப்படி வைத்திருக்க முடியும் என்று தெரியவில்லை. சீக்கிரம் திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்க.

ஈவ்லின்